மாலை போட்டுக்கொண்டு போன ராக் கச்சேரி

தாராவியில் பூலோகம் என்று விசாரித்தால், லிஃப்ட் பூலோகமா என்று திருப்பிக் கேட்பார்கள். மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வரைக்கும் எந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் போன் அவனுக்குத்தான் வரும். நாற்பது தாண்டிய ஆள், காதோரம் நரை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். இப்படிப்பட்ட மனுஷனுக்கு ராக் கச்சேரிப் பைத்தியம் என்றால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். பாட்டில் ஒரு வரியும் அவனுக்குப் புரியாது. புரிய வேண்டியது டிரம்ஸ், அதற்கு இங்கிலீஷ் வேண்டாம் என்பது அவன் கட்சி.

பம்பாய்க் குளிர் என்பது காலையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மத்தியானம் அதைக் கையில் தூக்கிக்கொண்டு அலைவது. அந்தக் குளிரில் ஒரு சனி ஞாயிறு, நகரத்தின் பெரிய மைதானத்தில் கச்சேரி நடக்கும். பூலோகத்தோடு கார்ப்பரேஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்த இரண்டு பேர் கூட வருவார்கள். ஜீஷான் தாராவியிலேயே தோல்பை பட்டறை வைத்திருக்கிறான். சுரேந்திரனுக்குச் செம்பூரில் கூரியர் ஆபீசில் வேலை.

மேடைக்கு முன்னால் பையன்கள் வட்டம் கட்டி ஒருவரையொருவர் மோதிக்கொண்டு குதிப்பார்கள். பூலோகம் வயசை மறந்து அதற்குள் இறங்கிவிடுவான். இறங்குமுன் போனைச் சுரேந்திரனிடம் கொடுப்பது வழக்கம். முட்டிவலிக்காரனான சுரேந்திரன் ஓரமாக நின்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அப்படிக் கொடுத்த போன்தான் வினையாகிப் போனது. பூலோகம் உள்ளே குதித்துக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து அவன் மனைவி செண்பகவல்லி விடாமல் கூப்பிட்டாள். பூலோகத்தின் அப்பாவுக்கு நெஞ்சுவலி. சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று சுரேந்திரன் எடுக்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்த பிறகுதான் போனை நீட்டினான். பூலோகம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பாவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

துக்க வீட்டில் சுரேந்திரனை ஏசாத வாய் கிடையாது. பாட்டுதான் பெரிசாப் போச்சா என்று செண்பகவல்லி முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்றோடு பூலோகம் அவனிடம் பேச்சை நிறுத்தினான். ஒரு விஷயம் மட்டும் வெளியே வரவில்லை. போனைக் கொடுக்கும்போது பூலோகம் சொன்னது, ‘எவன் கூப்பிட்டாலும் எடுக்காத, பாட்டு முடியுற வரைக்கும் எங்கிட்ட கொண்டுவராத.’ இது பூலோகத்துக்குத் தெரியும். சுரேந்திரனுக்கும் தெரியும். கோபத்தை அவன்மேல் இறக்கி வைத்ததில்தான் பூலோகம் இத்தனை நாளும் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தான்.

அப்பாவின் முதல் திதி முடிந்து, இந்தக் கார்த்திகையில் பூலோகம் சபரிமலைக்கு மாலை போட்டான். கறுப்பு வேட்டி, தாடி, காலில் செருப்பு கிடையாது. மாலை போட்டவன் கோபப்படக் கூடாது. எதிரில் வருகிறவர் யாரானாலும், கட்டின மனைவியானாலும், சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அதே தெருவில் பிறந்து வளர்ந்த ஜீஷானுக்கு இந்தச் சட்டமெல்லாம் தலைகீழ்ப் பாடம். இந்த வருஷம் விட்டால் இவர்களைச் சேர்க்க முடியாது என்று கணக்குப் போட்டு, மூன்று டிக்கெட் எடுத்து இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டான். பூலோகம் குருசாமியிடம் அனுமதி கேட்டான். பாட்டுக் கச்சேரி என்று மட்டும் சொன்னான். அவர் பஜனை என்று நினைத்து ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினார்.

சனிக்கிழமை மைதானத்தில் எல்லாரும் கறுப்புச் சட்டை. ஆனாலும் கழுத்து நிறைய மணிமாலையோடு வெறுங்காலில் வந்தவன் இவன் ஒருத்தன்தான். மேடையில் பாட வந்தவனோ என்று நாலைந்து பேர் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பூட்ஸ் கால்களுக்குப் பயந்து அவன் வட்டத்துக்குள் இறங்கவில்லை. முதல்தடவையாகச் சுரேந்திரன் நிற்கிற ஓரத்தில் நின்றான்.

ஜீஷான் கணக்குத் தப்பவில்லை. தண்ணி குடிங்க சாமி, இப்படி நிழலுக்கு வாங்க சாமி என்று பூலோகம் மரியாதையாகத்தான் பேசினான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வாய் திறந்தாயிற்று, இனி எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று அவனுக்கு மனசு லேசாகக்கூட இருந்தது. டிரம்ஸ் அதிரும்போது பழைய பழக்கத்தில் சுரேந்திரன் தோளில் தாளம் போட்டான். சுரேந்திரன் தோளை விலக்கிக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவேளை. ஜீஷான் டீ வாங்கப் போயிருந்தான். உட்காருங்க சாமி, முட்டி வலிக்கும் என்றான் பூலோகம். சுரேந்திரன் உட்காரவில்லை.

“நீ தெருநாயையும் சாமின்னுதான் கூப்பிடுவ,” என்றான். “அந்த மரியாத எனக்கு வேண்டாம். மால கழட்டுன பெறவு, மனசு இருந்தா எம்பேரச் சொல்லிக் கூப்பிடு. இல்லன்னா விட்ரு.”

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான். முட்டிவலியில் ஒரு கால் லேசாக இழுத்தது. பூலோகம் மாலையைக் கழற்ற இன்னும் நாள் கிடக்கிறது. கழற்றின பிறகு பேச தைரியம் வருமா என்று யோசித்தால், வராது என்றுதான் தோன்றியது. இரண்டு வருஷமாக வராதது அப்போது மட்டும் எப்படி வரும். மாலையைக் கையால் பிடித்து, ஐயப்பா மன்னிச்சிரு என்று முனகிவிட்டுப் பின்னால் ஓடினான்.

“லே, சுரேந்திரா.”

சுரேந்திரன் நின்றான். திரும்பவில்லை.

“எடுக்காதன்னு சொன்னது நான்தாம்ல. உம்மேல ஒரு தப்பும் கெடையாது.”

“தெரியும்.”

“அப்ப ஏம்ல அன்னைக்கி வாயத் தொறக்கல? எம்பொண்டாட்டி அந்த ஏச்சு ஏசுனாளே. ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?”

சுரேந்திரன் இப்போதுதான் திரும்பினான். கோபம் எதுவும் முகத்தில் இல்லை, அசதிதான் இருந்தது.

“நீ அப்பாவக் கொண்டுபோய் எரிச்சிட்டு வந்து உக்காந்திருக்க,” என்றான். “அதுக்கு மேல இதயும் எப்படில ஒந்தலயில போட?”

பூலோகம் நடு மைதானத்தில் நின்று அழுதான். மேடையில் டிரம்ஸ் தொடங்கிவிட்டது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.