வரப்போரம் ஓடிய ஆறு

ஷகிலா கழுத்தை நீட்டி ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பென்னாகரம் கடைத்தெருவில் வெயிலுக்காக இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் கடலைக்காய் காயப்போட்டவர்களும் இவளும்தான். இவளுடைய மைக்ராஸ்கோப்பில் விளக்கு கிடையாது. அடியில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. அதைத் திருப்பித் திருப்பி வெயிலைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டும். பல்பு வைத்தது ஒன்று வாங்கித் தருவதாக டாக்டர் எண்பத்திரண்டிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது எண்பத்தாறு. "வாங்கினாலும் கரண்ட்டுக்கு எங்கங்க போறது?" என்று ஷகிலாவே அவரைத் தேற்றிவிடுவாள்.

தோல் டாக்டர் சேலத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருவார். படை, அரிப்பு என்று வருகிறவர்களைப் பக்கத்து அறைக்கு, ஷகிலாவிடம் அனுப்புவார். மழுங்கின கத்தியால் அவள் தோலைச் சுரண்டி, உதிரும் தூளைக் கண்ணாடித் துண்டில் ஏந்தி, காரத்தண்ணீர் ஒரு சொட்டு விடுவாள். தோல் கரைய இருபது நிமிஷம் ஆகும். பூஞ்சை இருந்தால் அது மட்டும் கரையாமல் நிற்கும். டாக்டரிடம் போகிறோமே என்ற மரியாதையில் சனங்கள் நாரால் தேய்த்துக் குளித்து, சுரண்டுவதற்கு ஒன்றுமில்லாமல் எண்ணெய் மினுமினுக்க வந்து நிற்பார்கள். "குளிக்காம வாங்கன்னு சொன்னா கோவிச்சுக்கறாங்க" என்பது அவளுடைய நிரந்தரக் குறை.

அந்த இருபது நிமிஷத்தை அவள் யாருக்கும் தரமாட்டாள். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிடுவாள். பஸ் ஹாரன், டீக்கடை ரேடியோ எதுவும் காதில் ஏறாது. பிறகு ஒரு கண்ணை மூடிக் குனிவாள். வெயில் நிறைந்த அந்த வட்டத்துக்குள் சில நாள் ஒன்றுமே இருக்காது. சில நாள் ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பிரிந்து போவதுபோல இழை இழையாகப் பூஞ்சை ஓடும். அவள் அதன் கரையோடு வெகுதூரம் நடந்துவிட்டு வருவாள். நோய் என்கிற நினைப்பே அப்போது இருக்காது. பார்த்ததை எல்லாம் கோடு போடாத நோட்டில் பென்சிலால் வரைந்து வைப்பாள். எதற்கென்று கேட்டால், "அழகா இருக்குதுங்களே" என்பாள்.

சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான், மணிக்கட்டில் பொத்தானோடு. கூச்சக்காரி என்று ஊர் நினைத்துக்கொண்டது. பேச்சில் கூச்சமே கிடையாது. ஆடு மேய்க்கும் அர்ச்சுனன் மருந்துக் கடையில் தானாகவே ஒரு களிம்பு வாங்கிப் பூசிவிட்டு, "அரிப்பு நின்னுபோச்சுங்க, வட்டம் மட்டும் முதுகுக்கு ஏறிடுச்சு" என்று வந்து நின்றான்.

"அரிப்புங்கறது கொல்லைக் காவலுக்குப் பரண் மேல இருக்கறவன் தகரத்தத் தட்டறதுங்க. காட்டுப்பன்னி வந்திருக்கு, எழுந்து வாங்கன்னு உடம்பக் கூப்பிடறான். நீங்க அவன் வாயக் கட்டிட்டீங்க. பன்னி நிம்மதியா மேஞ்சிருக்குது."

அர்ச்சுனன் சிரித்தான். அவன் இழைகள் அன்றைக்கு நோட்டில் இரண்டு பக்கம் ஓடின.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வானம் மூட்டமாக இருந்தது. காவேரி என்ற பெண் வந்திருந்தாள். குழந்தை பிறந்து நாலு மாதம். முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளைச் செதில். புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவள் தவித்ததால், ஷகிலா இருபது நிமிஷத்தை விட்டுக்கொடுத்தாள். கண்ணாடித் துண்டை ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடேற்றி, அரை வெளிச்சத்தில் பார்த்தாள். வலை வலையாகக் கோடுகள் தெரிந்தன. வழக்கம்போல வரைந்துகொண்டு, "பூஞ்சை உண்டு" என்று எழுதிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காவேரி தனியாக வந்தாள். டாக்டர் தந்த களிம்பைப் பூசியும் செதில் குறையவில்லை. ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"சீட்ட வாத்தியார்கிட்டப் படிக்கச் சொன்னாங்க எங்க அத்த. ஒட்டற நோவுன்னு கொழந்தைய வாங்கிக்கிட்டாங்க. டப்பா பாலு ஊத்தறாங்க. நான் மாட்டுக்கொட்டாயில படுத்துக்கறேங்க்கா. பால் கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் வலிக்குது."

ஷகிலா நோட்டைப் புரட்டினாள். அந்தப் பக்கம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. பூஞ்சை எல்லை பார்க்காது. வெள்ளம் வரப்பை உடைப்பதுபோலத் தோலின் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குக் குறுக்கே பாயும். அவள் வரைந்திருந்த கோடுகளோ ஒவ்வொரு செல்லின் வரப்போரமாகவே வளைந்து வளைந்து போயிருந்தன. ஆறு அப்படி ஓடாது. அவசரமாகச் சூடேற்றியதில் தோல் சரியாகக் கரையாமல், செல்களின் ஓரத்தில் விழுந்த வெறும் வலை அது. அன்றைக்குப் படத்தை அழகு பார்த்தாளே தவிர, படித்துப் பார்க்கவில்லை.

மூன்று இடத்தில் சுரண்டி, நாற்பது நிமிஷம் காத்திருந்து, நல்ல வெயிலில் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. டாக்டரும் வந்து பார்த்துவிட்டு, "சொரியாசிஸ்" என்றார்.

"தப்பு என்னோடதும்மா" என்றாள் ஷகிலா.

"எங்கிட்டச் சொல்லி என்னாக்கா பண்றது? எங்க அத்தகிட்டச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை மாமியார் தீர்த்தம்மாள், ஷகிலா சொல்லியனுப்பியபடியே, குழந்தையோடு வந்தாள். காவேரி பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

"பெரிம்மா, இது ஒட்டற நோவு இல்லீங்க. பன்னியே வராம பரண்காரன் தகரம் தட்டறான். ஊரே எழுந்து ஓடியாந்து சொந்தக் கொல்லையையே மிதிச்சுப் போடுது. அதுதாங்க இந்தச் செதில். ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போகாது."

தீர்த்தம்மாள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "அன்னிக்கும் நீதான் எழுதுன. இன்னிக்கும் நீதான் சொல்ற. எதம்மா நான் நம்பறது? கொழந்தைக்கு ஒண்ணு ஆயிட்டா நீ வந்து பார்ப்பியா?"

நியாயமான கேள்விதான். வாசலில் சுரண்டிக்கொள்ள ஆறு பேர் காத்திருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்துவிட்டால் இந்த மேஜையில் யார் கை நீட்டுவார்கள் என்ற பயம் பன்னிரண்டு வருஷமாக ஷகிலாவோடு வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினாள். ரவிக்கைக் கையை மடித்து மடித்து மேலே ஏற்றினாள். முழங்கை முழுக்க வெள்ளைச் செதில், காவேரியுடையதைவிடக் கெட்டியாக.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க பெரிம்மா. ரெண்டும் இந்தக் கையிலதாங்க தூங்குச்சுங்க. அதுங்க தோலு வெண்ணெயாட்டம் இருக்குது."

தீர்த்தம்மாள் குனிந்து பார்த்தாள். ஒரு விரலால் அந்தச் செதிலைத் தொட்டாள். உதிர்ந்த தூளைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மோந்துகூடப் பார்த்தாள். அப்புறம் எழுந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போய்க் குழந்தையைக் காவேரியின் மடியில் போட்டாள். காவேரி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். குழந்தை மடக்மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது.

மேகம் விலகியிருந்தது. ஷகிலா கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தாள்.

"அடுத்தது யாருங்க?"

மடித்த கையை அவள் இறக்கிவிடவில்லை.