சங்கரி எழுதிய 'மாற்றி'

உதியன்குளங்கரை ஜங்ஷனில் சங்கரி டிடிபி கடை வைத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற, பைதான் நிரல்மொழியைத் தானே படித்து ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். 'மாற்றி' என்று பெயர். அவள் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பெருங்கடவிளைப் பள்ளியில் வரலாறு நடத்தும் கிருஷ்ணன்குட்டி சார் அதைத் தனக்கும் கேட்டார். அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் கம்ப்யூட்டர் வாசிக்கக் கேட்டுத்தான் வேலை செய்வார். பழைய எழுத்துருவில் இருந்த அவருடைய பாடக்குறிப்புகளை அது வெறும் உளறலாக வாசித்தது. சங்கரி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். மறுநாளே போன் வந்தது.

"சங்கரி, இது ஓடல்ல கேட்டியா. ஏதோ ஃபைல் இல்லன்னு சொல்லுது."

"ஞாயிற்றுக்கிழமை நேர்ல வாறேன் சாரே."

போய்ப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. எந்தப் பழைய எழுத்துக்கு எந்தப் புதிய எழுத்து என்று காட்டும் அட்டவணை இருக்கும் இடம் என்று தன் கடைக் கம்ப்யூட்டரின் ஃபோல்டரையே நிரலில் எழுதி வைத்திருந்தாள். எல்லாருக்கும் ஆகும் என்று நினைத்துச் செய்தது, அவள் மேசையை விட்டு நகரவே முடியாததாக இருந்திருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து அட்டவணையையும் துணை நிரல்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கட்டினாள். இனி கட்டளைத் திரையில் 'மாற்றி' என்று அடித்தாலே திறக்கும். சார் அடித்தார். திரையில் மென்பொருளின் ஜன்னல் திறந்தது. ஆனால் கம்ப்யூட்டரின் குரல் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு நின்றுவிட்டது.

"மூணு பட்டன் உண்டு சாரே. முதல் பட்டன்..."

"உனக்கு உண்டு மக்கா. எனக்கு ஒண்ணுமில்ல ஆக்கும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பட்டன்களின் நிறத்துக்கே ஒரு வாரம் செலவழித்தவள் சங்கரி.

சார்தான் கேட்டார்: "ஜன்னல் எதுக்கு? 'மாற்றி'ன்னு அடிச்சு, பின்னால ஃபைல் பேரையும் அடிச்சா மாத்தித் தராதா?"

திரும்பும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அவள் ஜன்னலைத்தான் மென்பொருள் என்று நினைத்திருந்தாள். அவருக்கு வேண்டியதெல்லாம் அதன் பின்னால் இருந்த வேலை மட்டும்.

நான்கு நாளில் அப்படியே செய்து அனுப்பினாள். வேண்டியவர்களுக்கு ஜன்னலும் இருந்தது. சனிக்கிழமை சார் அவளைக் கூப்பிட்டு, போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார். உப்புச் சத்தியாகிரகப் பாடத்தைக் குரல் தெளிவாக வாசித்துக்கொண்டே வந்து, தப்பாக மாறியிருந்த ஓர் எழுத்தில் திக்கியது.

"கேட்டியா? இதுபோல பன்னிரண்டு இடம் உண்டு. எழுதிக்கோ."

சங்கரி பேனாவைத் தேடினாள்.