எந்தக் கால்?

பின் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். சாவி, சீப்பு, பேனா எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாலும் மருந்துக்கடைக்காரர் தன் வீட்டு நாற்காலியில் உங்களை உட்காரவிடப் போவதில்லை, அது வேறு விஷயம். "கொஞ்சம் இருங்க, வெயில்ல வந்திருக்கீங்க, வேர்வை காயட்டும்" என்பார். வேர்வை காய்வதற்குள் நீங்கள் கிளம்பும் நேரம் வந்துவிடும்.

அப்படி என்ன சிம்மாசனம் என்று கேட்டுவிடாதீர்கள், பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். தேக்குச் சட்டம், தேக்குக் கைப்பிடி, பழுப்புத் தோல், வெளிப்பக்கமாகச் சாய்ந்த நான்கு ஒல்லிக் கால்கள். ஐம்பதுகளில் யாரோ ஒரு கம்பெனி முதலாளிக்காகச் செய்தது. இழுத்து மூடிய அந்த அலுவலகத்திலிருந்து கழித்துக்கட்டியதை இவர் வாங்கி, பழைய வார்னிஷைச் சுரண்டி, மரத்துக்கு எண்ணெய் ஏற்றி, புதுத் தோல் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தார். வருகிறவர்களிடமெல்லாம் 'மாடர்ன் டிசைன்' என்பார். "எழுபது வயசு நாற்காலி உங்களுக்கு மாடர்ன். ஐம்பத்தஞ்சு வயசு நான் கிழவி" என்பாள் மனைவி. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அறையின் அழகைக் கெடுக்கிறது என்று இருந்த சோபாவையும் தள்ளிவிட்டார். ஆக, உட்கார இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள்தான் மிச்சம். ராஜாவும் ராணியும் அவற்றில் உட்கார்ந்து சிம்மாசனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கெட்ட மனிதர் என்று வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவார். அடுத்த தெருவில் யாருக்காவது இருமல் என்றால் இவருக்குத் தூக்கம் வராது. அந்த அக்கறை வீட்டுக்குள் வந்ததும் நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மட்டும் அனுமதி உண்டு.

போன மாதம் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. கைப்பிடி வைத்த நல்ல நாற்காலியில் உட்கார வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். இவர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வந்து கட்டிலைக் காட்டினார். வீட்டில் அப்படி ஒன்று இருப்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

ஒருநாள் கடையிலிருந்து போன் செய்தார். "கால் எப்படி இருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. வீக்கம் வடிந்திருக்கிறது, மடக்கினால்தான் வலி, மாடிப்படி ஏறத்தான் பயமாக இருக்கிறது என்று ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

"அதில்ல... பின்னங்கால். காலைல துடைக்கும்போது லேசா ஆடுச்சே" என்றார்.

அவள் கத்தவில்லை. போனை வைத்துவிட்டு, இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இனி அந்த வீட்டுப் பக்கம் போவதாக இல்லை என்று அக்காவிடம் சொன்னாளாம்.

கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள் என்று தைரியமாகத்தான் இருந்தார். வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நாற்காலியைத் துடைத்தார். ஆடிய காலைச் சரிசெய்தார். யாரிடம் காட்டுவது? கடைசியில், முதல் முறையாக, அதில் உட்கார்ந்தும் பார்த்தார். முதுகு வலித்தது.

கடையைப் பூட்டிவிட்டு மைத்துனி வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அக்கா, "வாங்க" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். உள்ளே மனைவி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"கால் எப்படி இருக்கு?"

"எந்தக் கால்?" என்றாள் அவள், தலையைத் திருப்பாமல்.

அக்காவும், உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அக்கா கணவரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவள் முழங்காலில் யாரோ அரைகுறையாகச் சுற்றிவிட்ட துணிக்கட்டு நெகிழ்ந்து கணுக்கால் வரை இறங்கியிருந்தது. அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கட்டைப் பிரித்து, முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.