சாரி கார்டு கேட்டவள்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது நடந்தது. 2006, ராயபுரம் கல்மண்டபம், வெள்ளிக்கிழமை. ராத்திரிகூட இல்லை, மண்டையைப் பிளக்கிற உச்சி வெயில். நடந்தது லூயிசுக்கு. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. அதற்குத் தெம்பும் கிடையாது.

இருபது வருஷமாக மோட்டார் பைக்குகளை வெட்டி உருமாற்றுகிறவன் லூயிஸ். ஆபீசுக்குப் போய்வருகிற சாது வண்டியை அவனிடம் விட்டால், சண்டைக்கு நிற்கிற ஸ்ட்ரீட்ஃபைட்டராகத் திருப்பிக் கொடுப்பான். தட்டையான ஹேண்டில்பார், முன்னால் இரட்டை லைட்டு, தடி டயர். பின்பக்கத்தை வெட்டி வால் மாதிரி தூக்கிவிடுவான். ஆனால் முதலில் கழற்றுவது சாரி கார்டைத்தான். பின்னால் உட்காரும் பெண்களின் புடவை சக்கரத்தில் சிக்காமலிருக்க இடப்பக்கம் மாட்டியிருக்குமே, அந்தக் கம்பி. “அது இருந்தா வண்டி இல்ல, வூட்டு ஜன்னலு” என்பான். கழற்றிய கம்பிகளை வரிசையாகப் பற்றவைத்து ஷெட்டுக்கு நிஜமாகவே ஜன்னலும் போட்டிருந்தான்.

இப்போது இடுப்பு விட்டுப்போச்சு. வெல்டிங் வெளிச்சம் கண்ணைத் தின்றுவிட்டது. இந்த வண்டியோடு போதும் என்று மனைவி தேவகிருபையிடம் சொல்லியிருந்தான். எதிர்வீட்டு மஜீதின் மகன் அஃப்ரித்துக்கான வண்டி. போன மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

“ஞாயித்துக்கெழம ஷாஸியாவ குந்த வச்சிகினு எண்ணூர் போவணும் மாமு. பின்னாடி ஒரு சாண் சீட்டு போதும்.”

புரோக்கர் அருள்பிரகாசம் பழைய வண்டி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். வேறு டேங்க் மாட்டி, வேறு பெயிண்ட் அடித்து, ஏதோ குடோனில் வருஷக்கணக்கில் கிடந்த வண்டி. சாரி கார்டு ஏற்கெனவே இல்லை. ஒரு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டான் லூயிஸ்.

புதன்கிழமை பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டான். ஒரே சுற்றில் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் அச்சில் பச்சை நூல். பிளேடால் அறுத்துப் போட்டான்.

வியாழன் காலை எட்டேகால். மறுபடியும் நூல். நேற்றைவிட அதிகம்.

“எலி இழுத்தாந்துருக்கும்” என்றாள் தேவகிருபை.

எலி வந்து அச்சில் நூல் சுற்றுமா? யோசிக்கவே அவனுக்கு அலுப்பாக இருந்தது. அதையும் அறுத்துப் போட்டான்.

வெள்ளி. பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. மஜீதும் அக்கம்பக்கத்து ஆண்களும் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை. லூயிஸ் வண்டிக்கும் வாசலுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அரத்தால் ஒரு இரும்புப் பட்டையை ராவிக்கொண்டிருந்தான்.

சர்க்... சர்க்...

அவன் கையில் ஒரு நிழல் விழுந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

“அண்ணே, இந்த வண்டிக்கு சைடுல கம்பி இருந்திச்சே... அது எங்கண்ணே?”

கடை வாசலில் ஒரு நாளைக்கு நூறு பேர் நூறு கேள்வி கேட்பார்கள். அவன் தலை நிமிரவில்லை.

“நல்லால்லன்னு கய்ட்டிட்டேன்மா.”

“பின்னாடி யாரு குந்தப் போறா?”

“புதுப் பொண்ணும்மா.”



அரத்தை நிறுத்தினான்.

சத்தம் நிற்கவில்லை.

சர்க்... சர்க்...

திரும்பினான். ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக... பிறகு வேகமாக...

டக்.

எதையோ கவ்விக்கொண்டு நின்றது.

வாசலில் யாரும் இல்லை.

மணி பன்னிரண்டு ஐம்பது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த வண்டி கம்பி இல்லாமல்தானே வந்தது? பிறகு ஏன் ‘கழற்றிவிட்டேன்’ என்றோம்?

நாலு மணிக்கு அருள்பிரகாசத்தின் வீட்டு வாசலில் நின்றான். அவர் மென்று முழுங்கினார்.

“விம்கோ நகர் ஆளு வண்டி நைனா. அஞ்சு வருசமாச்சு. எண்ணூர் போற வழில, எர்ணாவூர்ல அவன் பொண்டாட்டி அங்கம்மா... பொடவ சக்கரத்துல மாட்டிகினு... ஸ்பாட்லயே போயிட்ச்சு. வெள்ளிக்கெழம. ஜும்மா நேரம்.”

“கம்பி?”

“அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் எவனோ ஸ்டைலுக்குக் கய்ட்டி வுட்ருக்கான். கல்மண்டபம் பக்கம்னாங்க.”

லூயிசுக்கு அவள் முகம் ஞாபகம் வரவில்லை. பேச்சு ஞாபகம் வந்தது. அன்றைக்குப் புருஷனோடு ஷெட்டுக்கு வந்தவள், வாசலிலேயே நின்று, “நான் பொடவதாண்ணே கட்டுவேன்” என்றாள். “இஸ்து மடில சொருவிக்கோம்மா” என்று சொல்லிவிட்டு இவன் சிரித்தான். பாவி, வாய்விட்டுச் சிரித்தான்.

ஷெட்டுக்கு எப்படித் திரும்பி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஜன்னலைப் பார்த்தான். பதினொரு கம்பிகள். மூன்றாவது கம்பியில் மட்டும் பச்சை நூல் ஒன்று முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

அந்தக் கம்பியை அறுத்தெடுத்து, வண்டியில் மாட்டினான். போல்ட் ஓட்டைகள் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது நிற்காமல் வெகுநேரம் சுற்றியது.

ஞாயிறு நாலு மணிக்கு அஃப்ரித் வந்து பார்த்து முகம் சுளித்தான்.

“இன்னா மாமு, கலீஜா கீது!”

“இர்க்கட்டும். ஏறு.”

அவனும் ஷாஸியாவும் கிளம்பியதிலிருந்து லூயிஸ் இடத்தைவிட்டு அசையவில்லை. தேவகிருபை வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. கர்த்தரே, அந்தப் பெண் முழுசாகத் திரும்பி வரவேண்டும்... வேறெதையும் கேட்க அவனுக்குத் தெம்பில்லை.

ஏழு இருபதுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. ஷாஸியா சிரித்துக்கொண்டே இறங்கினாள். லூயிசுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எர்ணாவூர்கிட்ட துப்பட்டா பறந்து சக்கரத்துகிட்ட போயிட்ச்சு மாமு. நல்லவேள, பச்சப் பொடவ கட்டுன ஒரு அக்கா புடிச்சி, என் மடில சொருவி வுட்டாங்க.”

“வண்டிய... நிறுத்துனீங்களா?”

ஷாஸியா அஃப்ரித்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

“இல்லியே மாமு... வண்டி ஓடிக்கினுதான இருந்திச்சு.”