மூடிக்குள் இருந்த நீலம்

மூடிக்குள் ஒட்டியிருந்த கடைசித் துளி நீலமாக இருந்தது. நீர்ச்செடிகளுக்கான உரத்துக்கு நிறம் கிடையாது. இறால் தொட்டிக்குள் நான் ஊற்றியது, பல்கனி மிளகாய்ச் செடிக்கு அடிக்கும் செம்பு மருந்து.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருக்கும் அந்தச் சின்னத் தொட்டி மனைவியுடையது. காற்றுக் குழாயில் இயங்கும் ஒரு வடிகட்டிப் பஞ்சு, மேசை விளக்கு, பாசி, நான்கைந்து செடிகள். உள்ளே நகத்தளவு சிவப்பு இறால்கள். முட்டை சுமந்த மூன்று இறால்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயிருந்தன. இப்போது சுமந்துகொண்டிருந்தது நான்காவது. தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் போனபோது மனைவி எனக்குத் தந்த வேலை ஒன்றுதான்: இலைகள் மஞ்சளாகாமல் இருக்க ஞாயிறு காலையில் அரை மூடி உரம்.

"வெள்ளை மூடிப் போத்தல். கூட ஊத்திப்போடாதேங்கோ."

எங்கள் வீட்டில் எந்தத் திரவமும் வாங்கிய போத்தலில் தங்குவதில்லை. வெறும் அரிஷ்டப் போத்தல்களுக்கு மாறிவிடும். முதல் நாள் அலுமாரித் தட்டைத் துடைத்து, மூடிகளைக் கழுவி, மாற்றிப் பூட்டியவன் நான்.

இறால்களை விற்ற கொட்டாஞ்சேனை மீன் கடைக்காரருக்கு அழைத்தேன்.

"நீலமா சேர்? அப்ப செம்புதான். இறாலுக்கு அத விட நஞ்சு இல்ல. பாதித் தண்ணிய உடனே எடுங்க. பைப்புத் தண்ணிய மட்டும் நேர ஊத்திராதீங்க, குளோரின் மிச்சத்தையும் கொண்டுரும்."

"வேற தண்ணிக்கு எங்க போறது?"

"நாளைக்குத் தண்ணி வெட்டுத்தானே? பேப்பர் ஒஃபிஸ்ல வேலை செய்ற ஆள், அறிவித்தல் முதல்ல உங்களுக்குத்தானே வரும், பெரல் நிரப்பாமலா இருப்பீங்க!"

நிரப்பியிருந்தேன், இரண்டு நாட்களுக்கு முன்பே; திறந்து கிடந்ததில் குளோரின் பறந்திருக்கும். பாதித் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, பெரல் தண்ணீரை மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டேன். விரைவாக விட்டாலும் சாகும் என்றிருந்தார் அவர். இரண்டு இறால்கள் பக்கவாட்டில் சரிந்தன. மற்றவை கண்ணாடியில் முட்டி முட்டி ஓடின. முட்டைக்காரியைக் காணவில்லை.

தொலைபேசி அடித்தது. மனைவி.

"அவள் என்ன செய்யிறாள்?"

"பாசிக்குள்ள நிக்கிறாள்," என்றேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னேன்.

தொலைபேசியை வைத்த பிறகு, பஞ்சுக்குப் பின்னால் வெளிறி வளைந்த ஓர் உடல் தெரிந்தது. மீசை, கால்கள் எல்லாம் இருந்தன. கரண்டியால் எடுத்தேன். பாரமே இல்லை. கழற்றிய வெற்று ஓடு. ஆறுதலடைய முடியவில்லை. முட்டைக்காரி ஓட்டைக் கழற்றினால் முட்டைகளும் அதோடு போய்விடும். அது யாருடைய ஓடு?

கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போதெல்லாம் தொட்டித் தண்ணீர் நடுங்கியது. நான் கதிரையை விட்டு எழவில்லை. பின்னேரம் பாசி அசைந்து அவள் வெளியே வந்தாள். வயிற்றடியில் முட்டைகள் இருந்தன. கால்கள் அவற்றை விசிறிக்கொண்டிருந்தன, வழமையைவிட மெதுவாக.

மனைவிக்கு அழைத்து, இரண்டு செத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூடியை ஆர் மாத்தினது?"

"நான்தான்."

"இப்ப காலை ஆட்டுறாளோ?"

"ஓம். ஆட்டுறாள்."

"ஃபோனை வையாதேங்கோ. பாத்துச் சொல்லிக்கொண்டிருங்கோ."