கொசுவின் ரத்தம்

அந்த ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுத்தவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எல்லோருக்கும் அவள் கொசு. "கொசு வந்தாச்சு, கையை நீட்டுங்க" என்று அவளே சொல்லிக்கொண்டுதான் வார்டுக்குள் நுழைவாள்.

கடைசி ஐந்து வருஷம் நுரையீரல் புற்றுநோய் வார்டு. அறுவைக்கு முன் ரத்தத்தில் இரண்டு வகை வெள்ளையணுக்களை எண்ணி, ஒன்றை மற்றதால் வகுப்பார்கள். விடை பெரிதாக வந்தால் பின்னால் நோய் திரும்பலாம் என்பது டாக்டர்களின் கணிப்பு. அவளுக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை. "ஜோசியத்துக்கு ஊசி ஒண்ணுதான் குறைச்சலா இருந்துச்சு" என்பாள்.

சிகரெட்டைத் தொட்டே அறியாத அவளுடைய வலது நுரையீரலில்தான் கட்டி வந்தது. சேதி கேட்டு அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், பொருமினார்.

"ஊதித் தள்ளுறவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உனக்கு ஏன்டி வரணும்?"

"நீங்க விட்ட புகையெல்லாம் எங்க போச்சுன்னு நினைச்சீங்க?" என்றாள். அவர் அழுதுவிட்டார். அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

அவளுடைய ரத்தத்தை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்பது. ஒன்பது வந்தவர்களை அவள் வார்டில் பார்த்திருக்கிறாள். பலருக்கு நோய் திரும்பியிருந்தது. நம்பாத ஜோசியமும் தன் தலையில் விடியும்போது வேறு மாதிரிதான் இருக்கிறது.

அறுவை டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீழ் பிடிச்சிருந்தாலும் இந்த எண் ஏறும். உடம்புல வேற எங்கயாவது சீழ், வீக்கம்?"

"இல்ல சார்."

"கன்னம் ஏன் உப்பியிருக்கு? வாயைத் திறங்க."

கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி, ஈறெல்லாம் சீழ் பிடித்திருந்தது. நாலு மாதமாக மாத்திரை போட்டு மூடி மறைத்திருக்கிறாள்.

"பல் டாக்டர்கிட்ட போகலயா?"

"ஊசி போடுவாங்க சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கூட வந்திருந்த கணவரும் ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார். அவள் இருவரையும் முறைத்தாள்.

பல்லைப் பிடுங்கி, சீழ் ஆறியதும் மறுபடி எண்ணினார்கள். மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"அப்ப பிழைச்சுக்குவேனா?"

"நூறு பேர்ல எத்தனை பேர்னுதான் இது சொல்லும். அந்த நூறுல நீங்க யாருன்னு சொல்லாது."

"இதைத்தான் சார் நான் அஞ்சு வருஷமா சொல்றேன்."

"சரி, பல்லை எது காட்டிக்கொடுத்துச்சு?"

அவள் பல் பிடுங்கிய பக்கத்துக் கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

நுரையீரலின் மேல்பகுதியை எடுத்துவிட்டார்கள். நாலு வருஷமாகிறது, நோய் திரும்பவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அன்று காலை ஒரு வாய்கூடச் சாப்பிடமாட்டாள். முடிவு நல்லதாக வந்ததும் நேரே கேன்டீனுக்குப் போய், இரண்டு ஆள் சாப்பாட்டைத் தனி ஆளாகச் சாப்பிடுவாள்.