ஜீப் இறங்க ஒரு கடற்கரை

லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷம் இரும்பைக் கடைந்தவர் அவர். தெருவில் ஜீப்புக்காரர் என்றால்தான் தெரியும். காயலான் கடையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த ஜீப்பை வாங்கி, ஒன்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தின்னக் கொடுத்திருந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. மலையையே கட்டி இழுக்கும் என்பார். இழுத்ததென்னவோ அவருடைய சாப்பாட்டுத் தூக்கைத்தான், பட்டறை வரைக்கும்.

வீட்டுக்காரர் ஜீப் நின்ற கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் விற்றாயிற்று; திங்கட்கிழமை காலையில் வாங்கியவர் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் ஒரே ஒரு தடவை கடற்கரை மணலில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஞாயிறு விடிந்ததும் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மணலில் இறங்குமுன் டயரில் பாதிக் காற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி புதைந்துவிடும். இது அவருக்கு மனப்பாடம். இறங்கலாமா என்று கேட்டுவிட்டுக் காற்றை எடுக்கலாம் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

முதல் கடற்கரையில் நாலு டயரும் புஸ்ஸென்று அடங்கிய பிறகு காவலாளி சாவகாசமாக வந்தார்.

"அண்ணே, இது ஓட்டலுக்குச் சொந்தம்."

"கடலுமா?"

"அலை வந்து தொடுற வரைக்கும்."

"அலைகிட்ட சொல்லிட்டீங்களா? தாண்டி வந்துடப் போகுது!"

கால் பம்பை எடுத்தார். டயருக்கு முந்நூறு மிதி. ஒவ்வொரு மிதியும் அந்த ஓட்டல் முதலாளியின் முதுகில் விழுவதாக நினைத்துக்கொண்டதால் சீக்கிரம் முடிந்தது.

இரண்டாவது இடத்திலும் காற்றை எடுத்த பிறகுதான் பலகையைப் பார்த்தார். ஆமை முட்டையிடும் கரை, வண்டி கூடாது.

"ஆமைக்கு விட்டது நியாயம். ஒத்துக்கறேன். எனக்குன்னு ஒரு முழம் கூடவா கிடையாது இந்த உலகத்துல?"

"நீங்களும் முட்டை வைங்க, தருவாங்க," என்றாள் மனைவி.

மறுபடி ஆயிரத்து இருநூறு மிதி. பம்பே மூச்சு வாங்கியது.

மூன்றாவது கரைக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல். இவர் கடைசி டயரில் காற்றை எடுத்துக்கொண்டிருந்தபோது கடற்கரை ஆபீசர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ், வண்டி இறங்கக் கூடாதுய்யா! போர்டு தெரியலையா?"

அவருக்குப் பின்னால் ஆபீஸ் ஜீப் ஒன்று மணலில் வயிறு வரை புதைந்து கிடந்தது.

"அதோ நிக்குதே, அது என்ன, கட்டுமரமா?"

"அது டூட்டி வண்டி."

"டூட்டி பார்க்குதா, தவம் பண்ணுதா? டயரு கல்லு மாதிரி இருக்கே! காத்தை எடுத்துட்டு இறங்கினா என்ன?"

"கவர்மெண்ட் டயர். காத்தை எடுக்கணும்னா மேலிடத்துல எழுதி வாங்கணும்." ஆபீசர் குரலைத் தணித்தார். "அண்ணே, கொஞ்சம் இழுத்து விட்டுட்டுப் போயிடுங்களேன்."

ஜீப்புக்காரருக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. "ஓ! எனக்காக இறங்கினா மணலு கெட்டுப்போகும், உங்களுக்காக இறங்கினா கெடாதா? காலைலேர்ந்து ரெண்டாயிரத்து நானூறு மிதி மிதிச்சிருக்கேன் ஐயா! முழங்கால் கழண்டு கையில வந்துடுச்சு!"

"என்னங்க," என்றாள் மனைவி மெதுவாக, "கயிறு எங்க வச்சிருக்கீங்க?"

அவர் வாயை மூடிக்கொண்டு கயிற்றைத் தேடினார்.

ஆபீசர் தன் வண்டியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். இவர் வண்டி ஒரு உறுமு உறுமியது. நாலு சக்கரமும் மணலைக் கவ்வின. ஆட்டம் கண்ட பல்லைப் போல ஆபீஸ் ஜீப் பிடுங்கிக்கொண்டு வந்தது.

ஆபீசர் ஹார்ன் அடித்தார். "போதும்! ரோடு அந்தப் பக்கம்!"

"உங்க டயரு இருக்கிற இருப்புக்கு இங்க நிறுத்தினா மறுபடி புதையும் ஐயா! கெட்டி மணலாப் பார்த்து விடறேன்!"

கெட்டி மணல் கிடைக்கவேயில்லை. அலையோரமாக ஒரு மைல் ஓடியது ஜீப். பின்னால் ஆபீசர் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார். மனைவி கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்று சிரித்தாள். அவருக்குக் கோபம் தணியவில்லை. கோபத்தோடேயே இன்னொரு கியரை மாற்றினார்.

கரை முடிந்து பாறை வந்தது. வண்டியைத் திருப்பினார்.

"திரும்பி வர்றப்பவும் அவரை இழுத்துட்டேதான் வரணுமா?" என்று கேட்டாள்.

"பின்னே? நட்டாத்துல விட்டுட்டுப் போறதுக்கு நாம என்ன ஆபீசருங்களா?"